ரெண்டு தபா குந்துது சார்

எழுபதுகளில் ஐந்தாறு வருடம், புதிதாக வேலைக்குச் சேரும் என்ஜினீயர்களுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். தலைப்பு ‘தொழிலாளர்களோடு பழகுவது எப்படி’. கம்பெனி கொடுத்த தலைப்பு அது. தொழிற்சாலை ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள், வயதில் மூத்தவரை ‘நீங்கள்’ என்று கூப்பிடுங்கள், ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அவர்களும் நல்ல பிள்ளைகளாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கடைசியில் யாராவது ஒருவன், “சார், உங்க சொந்த அனுபவத்துலருந்து ஒண்ணு சொல்லுங்களேன்” என்பான். நான் யாரோ ஒரு ஃபிட்டரைப் பற்றிய வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. அதை அந்த வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

அறுபதுகளின் பின்பாதியில் நான் என்ஜினீயரிங் முடித்தேன். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆங்கிலமும் தமிழும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடுத்த விஷயம். ஹாஸ்டலிலிருந்து நான் எழுதிய கடிதங்களைக்கூடச் சிவப்பு மையில் திருத்தி, என் விலாசத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். தெருவில் பிள்ளைகளோடு விளையாடும்போது நானும் இன்னா, வூடு, குந்து என்று பேசியவன்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பேச்சையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மறந்துபோய் உள்ளே கொண்டுவந்தால் அப்பா அடிக்க மாட்டார். நான் சொன்னதை அப்படியே எல்லோர் முன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுவார். அக்காமார்கள் சிரிப்பார்கள். அடியே தேவலை என்று இருக்கும்.

வேலை கிடைத்தது பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்யும் கம்பெனி. தாம்பரத்தில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஒரு வருடம் ப்ரொபேஷன். என்னைப் பிரஸ் ஷாப்பில் போட்டார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. அங்கே இருந்தவர்களில் என்னைவிடச் சின்னவர் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் என்னை ‘சார்’ என்றார்கள், நான் அத்தனை பேரையும் ‘நீ’ என்றேன். ஃபோர்மேன் ஒருவரை மட்டும் ‘நீங்க’ என்பேன். அவரைப் பார்த்தால் எனக்குப் பயம்.

பவர் பிரஸ் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு பெரிய சக்கரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே பெடலைக் காலால் மிதித்தால் ஒரு கனத்த இரும்புத் தலை இறங்கி, தகட்டை ஒரு அடி அடித்துவிட்டு மேலே போய் நின்றுவிடும். மறுபடி மிதித்தால்தான் மறுபடி இறங்கும். அந்த இடைவெளியில் ஆபரேட்டர் கையை உள்ளே விட்டு, அடித்த தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைப்பார். அவருடைய விரல்களும் அந்த இரும்பும் நாள் முழுக்க ஒரே இடத்தில்தான் புழங்கும். மிதிக்காமல் அது இறங்காது என்ற நம்பிக்கையில்தான் அவர் கையை உள்ளே வைக்கிறார்.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசாத மனிதர். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு காலையில், டீ வந்திருந்த நேரம், அவர் தானாக என்னிடம் வந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் டம்ளரும் கையுமாக நின்றிருந்தார்கள். ஃபோர்மேனும் இருந்தார்.

“சார், மூணாம் நம்பர் பிரஸ்ஸு அப்பப்ப ரெண்டு தபா குந்துது சார். இன்னா ஏதுன்னு கொஞ்சம் பாருங்க.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. குந்துவது என்றால் உட்காருவது என்று தாம்பரத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா? ஒருமுறை மிதித்தால் அந்த இரும்புத் தலை இரண்டுமுறை இறங்குகிறது என்கிறார். என் புத்தகத்தில் அதற்கு ரிப்பீட் ஸ்ட்ரோக் என்று பெயர். காரணம் என்ன, எந்தப் பாகம் தேய்ந்தால் அப்படி ஆகும், அதனால் என்ன விபரீதம் வரும் என்று பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் காதில் விழுந்தது ‘குந்துது’ என்ற சொல் ஒன்றுதான். பிழையைக் கண்ட வாத்தியார் பிள்ளைக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“குந்துதா?” என்று அவரைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினேன். “குந்துறதுக்கு அது என்ன ஆளா? அப்ப ஸ்டோர்ல சொல்லி அதுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லட்டுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரமாக என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத கூட்டம், முதல்முறையாக நான் சொன்னதற்குச் சிரிக்கிறது. மூன்றாம் நம்பர் ஆபரேட்டரும் சேர்ந்து சிரித்தார். அதனால் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பவன் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவான் என்பது எனக்கே தெரியும். அக்காமார்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்தவன்தான்.

“சரி, பாக்கறேன். போ” என்றேன். பார்க்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு ‘ஸ்டூலு’ என்று பெயர் விழுந்துவிட்டது. “இன்னா ஸ்டூலு, உன் பிரஸ்ஸு குந்திக்கினு கீதா, எழுந்துகிச்சா?” என்று கேட்பார்கள். அவர் குனிந்து வேலையைப் பார்ப்பார். நான் தினமும் ஷாப்பைச் சுற்றி வரும்போது, “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்பேன். “சரிங்க சார்” என்பார். மற்றவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். என்னிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் ஷிஃப்டில் புகாரே வருவதில்லை என்று பெருமைப்பட்டேன். வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம்கூடச் சொன்னேன். “கண்டிப்பு இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும்” என்றார் அவர்.

மூன்றாம் நம்பர் ஆபரேட்டர் அந்த பிரஸ்ஸோடு எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மூங்கிலைச் சீவி, சாண் நீளத்தில் தட்டையாக ஒரு குச்சி செய்துவைத்திருந்தார். தகட்டைக் குச்சியால்தான் தள்ளுவார், குச்சியால்தான் எடுப்பார். கையை உள்ளே விடுவதே இல்லை. வேலை முடிந்ததும் அதை பிரஸ்ஸுக்கு அடியில் இருக்கும் பலகையில் செருகிவிட்டுப் போவார். கம்பெனி பார்க்காததை அவர் தனக்குத்தானே பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் போயிருக்கும். மச்சான் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் பக்கம் போகிறேன் என்று அவர் இரண்டு நாள் லீவு போட்டார். அந்த இடத்தில் வேறொருவரை உட்காரவைத்தோம். பெரும்பாக்கத்தில் வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவர், நாற்பது வயதுக்காரர், கை வேகம். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப்போகும் நேரத்தில், பிரஸ் ஒருமுறை இறங்கியது. அவர் கையை உள்ளே விட்டார். அது மறுபடி இறங்கியது.

அவர் கத்தவில்லை. பக்கத்து பிரஸ்காரர்தான் கத்தினார். நான் ஓடிப்போனபோது அவர் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரல்கள் இல்லை. துண்டைக் கட்டி, கம்பெனி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என்னிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

“நான் மெதிக்கவே இல்ல சார். சத்தியமா மெதிக்கல. அதுவா எறங்கிச்சு.”

“மெதிச்சிருப்ப. உனக்கே தெரிஞ்சிருக்காது” என்றார் ஃபோர்மேன். என் கால்சட்டையில் அவருடைய ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மிதிக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் ஃபிட்டர்கள் பிரஸ்ஸைச் சோதித்தார்கள். பத்துப் பதினைந்து அடி சரியாக இறங்கியது. பிறகு ஒருமுறை, யாரும் மிதிக்காமல், தானாக இறங்கியது. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அப்போதுதான் ஒரு ஃபிட்டர் குனிந்து, அடிப்பலகையில் செருகியிருந்த மூங்கில் குச்சியை எடுத்தார். அதன் நுனி நசுங்கியிருந்தது.

மேனேஜர் பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வழக்கு தெளிவாகிவிட்டது. வழக்கமான ஆபரேட்டருக்குப் பழுது தெரிந்திருக்கிறது. தன் விரலைக் காப்பாற்றிக்கொள்ள வழி செய்துகொண்டவன், கம்பெனிக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டான். மெஷினில் பழுது என்றால் உடனே மேலே சொல்லவேண்டும் என்று சுவரில் இரண்டு மொழியிலும் எழுதிப் போட்டிருக்கிறது. சொல்லாதவனுக்கு வேலை கிடையாது. விசாரணைக்கு நாள் குறித்தார். சொல்லியிருந்தால், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவனுக்கு வேலை கிடையாது. இதை அவர் சொல்லவில்லை, எனக்கு யாரும் சொல்லத் தேவையுமில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அன்னிக்கி டீ டயத்துல பேசனது, சிரிச்சது, அதெல்லாம் வெளிய வராம பாத்துக்குங்க சார். உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல” என்றார். எங்கள் கம்பெனியில் அப்போது யூனியன் கிடையாது. ஆபரேட்டர் பக்கம் நின்று பேச யாரும் இல்லை. மேனேஜருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆங்கிலமும் தமிழும் சுத்தமாக வருகிறவன் என்று என்னையே போட்டார்கள்.

விசாரணை அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேனேஜர், ஃபோர்மேன், நான், பரங்கிமலையிலிருந்து வரும் ஆங்கிலோ இந்திய டைப்பிஸ்ட் அம்மா, மேஜைக்கு முன்னால் ஆபரேட்டர். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் இருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

பழுது உனக்குத் தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். தமிழில் சொன்னேன்.

“தெரியும் சார்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

“சொன்னேனே சார்” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. “ரெண்டு தபா குந்துதுன்னு சொன்னேன். உங்ககிட்டதானே சார் சொன்னேன். ஃபோர்மேன் கூட இருந்தாரு.”

ஃபோர்மேன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

மொழிபெயர்க்க எனக்கு இரண்டு வார்த்தை போதும். ரிப்பீட் ஸ்ட்ரோக் என்று சொல்லி, என்னிடம்தான் சொன்னார் என்றும் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். என் நாக்கில் அது வந்து நின்றது. வாத்தியார் மகன் என்ஜினீயர் என்று சர்ச்சில் அப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. ப்ரொபேஷனில் எட்டு மாதம் பாக்கி இருந்தது. பயந்துவிட்டேன். ஆனால் ஆங்கிலம் தடுமாறாமல் வந்தது. மெஷின் ஏதோ அவ்வப்போது தொந்தரவு கொடுத்ததாகவும், அதைப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டதாகவும் சொல்கிறார் என்றேன்.

தனித்தனியாக எடுத்தால் ஒரு சொல்லும் பொய்யில்லை. தொந்தரவுதான். டீ குடிக்கும்போது சொன்னது பேச்சுவாக்குதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அப்படித்தான் மறைத்தேன், அதையும் நல்ல இலக்கணத்தோடு மறைத்தேன்.

“பேச்சுவாக்கிலா?” என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். டைப்பிஸ்ட் அம்மா அடித்தார். ஆபரேட்டர் என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தமிழில் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விரல் போனவர் கட்டுப் பிரித்துத் திரும்பி வந்தபோது அவரை கேட் காவலில் போட்டார்கள். அவர் இடது கையால் கதவைத் திறந்துவிடுவார். நான் உள்ளே போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வேன். அவருக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. “அந்த ஸ்டூலுதான் சார் என்னாண்ட சொல்லாம பூட்டான்” என்று ஒருநாள் சொன்னார். தெரிந்தும் சொல்லாத பாவி என்று ஷாப் முழுக்க அப்படித்தான் பேசினார்கள். அன்று டீ டம்ளரோடு நின்று சிரித்தவர்களும் அதையே பேசினார்கள். அவர்கள் மறந்துவிட்டார்களா, மறந்ததுபோல நடித்தார்களா, எனக்குத் தெரியாது.

வேலைநீக்கம் நடந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, அப்பா உள்ளே படுத்திருந்தார். கேட்டில் சைக்கிள் நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் ஆபரேட்டர் நின்றிருந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“தூங்கினு இருந்தீங்களா சார்? தொந்தரவு பண்ணிட்டனா?”

“இல்லல்ல. வாங்க” என்றேன். அவரை ‘வாங்க’ என்று அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். வேலையை இழந்த பிறகு கிடைத்த மரியாதை.

உள்ளே வரச் சொல்லியும் வராந்தாவிலேயே நின்றார். துணிப்பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். வேலைநீக்க உத்தரவும், விசாரணையில் டைப் அடித்ததன் நகலும். எல்லாம் ஆங்கிலம்.

“லேபர் ஆபீசுல எழுதிக் குடுன்னு மச்சான் சொல்றான் சார். குடுக்கறதுக்கு மின்னாடி இதுல இன்னா எழுதிகீதுன்னு தெரிஞ்சிக்கணும்ல? எங்க பக்கம் இங்கிலீஷ் படிக்கறவங்க யாரும் இல்ல. நீங்கதான் அன்னிக்கிக் கூட இருந்தீங்க. நல்லவேள நீங்க இருந்தீங்க சார். வேற யார்னா இருந்திருந்தா நான் சொன்னத ஒயுங்கா சொல்லிருக்க மாட்டாங்க.”

காகிதத்தை வாங்கினேன். படிக்காமல் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன். முடியவில்லை. அந்த வரியைத் தமிழில் படித்தேன். மெஷின் ஏதோ அவ்வப்போது தொந்தரவு கொடுத்ததாகவும், அதைப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டதாகவும் ஆபரேட்டர் கூறுகிறார்.

அவர் மேலே கேட்பதற்காகக் காத்திருந்தார். நான் நிறுத்திவிட்டேன்.

“அவ்ளோதானா சார்?”

“அவ்வளவுதான்.”

“ரெண்டு தபா எறங்குதுன்னு சொன்னது?”

“அது இல்ல.”

“உங்ககிட்ட சொன்னேன்றது?”

“அதுவும் இல்ல.”

அவர் காகிதத்தை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டினார். “நான் இப்படிச் சொல்லவே இல்லியே சார். யாரு சார் மாத்திட்டாங்க?”

உண்மையைச் சொல்ல அந்த வராந்தாவைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அவரும் நானும் மட்டும் இருந்தோம். ஆனால் பதில் என் வாயில் தயாராக இருந்தது. நான் தேடக்கூட இல்லை.

“டைப் அடிச்சவங்க விட்டிருப்பாங்க” என்றேன்.

“அந்த சட்டைக்கார அம்மாவா?” ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். “அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம். நம்ம பேச்சு அவங்களுக்கு எங்க புரியப்போவுது.” பிறகு கேட்டார். “இத எட்துகினு போனா கேஸு நிக்குமா சார்?”

“நிக்காது” என்றேன். அன்று நான் சொன்னதில் இது ஒன்று முழு உண்மை.

காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். சைக்கிளை எடுத்துத் திருப்பியவர், ஏறாமல் மறுபடி கேட்டுக்கு வந்தார்.

“சார், நீங்க பாட்டுக்குக் கோவத்துல மேனேஜராண்ட போய் அந்தம்மாதான் மாத்தி அடிச்சிட்டாங்கன்னு சொல்லிடாதீங்க. அவங்களுக்கு வேல பூடும். தெரியாம செஞ்சதுதானே.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவருக்குக் கொடுத்ததில் அந்த ஒரு வாக்கைத்தான் காப்பாற்றினேன்.